தடுப்புகள் எழும்பும் முன்



வாழைப்பழத் தோல் கறுக்கத் தொடங்கியதும் எங்கிருந்தோ வந்து மொய்க்கும் சின்னஞ்சிறு ஈக்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சிவந்த கண், பழுப்பு உடல், மூன்று மில்லிமீட்டர் நீளம்கூட இராது. பாடப்புத்தகத்தில் அதன் பெயர் டிரோசோபிலா மெலனோகாஸ்டர். தமிழில் பழப்பூச்சி, பழ ஈ. பாடத்தில் அது தலைகாட்டுவது பெரும்பாலும் மரபியல் பகுதியில்தான். 1910-இல் தாமஸ் ஹன்ட் மார்கன் நியூயார்க்கில் ஒரு வெள்ளைக் கண் ஈயைக் கண்டார், மரபணுக்கள் குரோமோசோம்களில் இருக்கின்றன என்று நிறுவினார், 1933-இல் நோபல் பரிசு பெற்றார். அத்தோடு ஆசிரியர் பக்கத்தைப் புரட்டிவிடுவார். அந்த ஈயின் முட்டைக்குள் முதல் மூன்று மணி நேரத்தில் நடப்பது, என்னைக் கேட்டால், மார்கன் கதையை விடவும் பெரியது. இன்று அதை மட்டும் சொல்கிறேன்.

முட்டை அரை மில்லிமீட்டர் நீளம், அதில் பாதிக்கும் குறைவான அகலம். முன்பக்கத்தில் இரண்டு மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அழுகிய பழச் சாற்றில் முட்டை புதைந்தாலும் காற்று கிடைக்க அவை உதவுகின்றன. தாய் ஈ விந்தணுக்களைத் தன் உடலிலேயே சேமித்து வைத்திருக்கிறது. முட்டை வெளியேறும் வழியில் முன்முனைத் துளை வழியாக ஒரு விந்தணு நுழைகிறது. அந்த விந்தணுவின் நீளம் ஏறத்தாழ 1.8 மில்லிமீட்டர். முட்டையைவிட மூன்று மடங்குக்கும் மேல்! அது எப்படிச் சுருண்டு உள்ளே அடங்குகிறது என்பதே தனியாக ஒரு மாலை பேச வேண்டிய விஷயம். இன்று அதை விட்டுவிடுவோம்.

இந்த உயிருக்கு எல்லாம் அவசரம். 25 டிகிரி வெப்பத்தில் முட்டை பொரிந்து புழு வெளிவர ஒரு நாள் போதும். முழு ஈயாக ஏறத்தாழ பத்து நாள். அழுகும் பழம் நெடுநாள் தாங்காது. அது உலர்வதற்குள், மற்றவர்கள் தின்று தீர்ப்பதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். மனிதக் கருமுட்டை கருவுற்ற பின் முதல் முறை இரண்டாகப் பிரியவே ஒரு நாளுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. அதற்குள் ஈயின் புழு வெளியே வந்து மேயத் தொடங்கியிருக்கும்.

எப்படி இத்தனை வேகம்? வழக்கமாகச் செல் பிரியும்போது இரண்டு வேலைகள் நடக்கின்றன. உள்ளே உட்கரு இரண்டாகும். பிறகு நடுவே சவ்வு எழும்பி ஒரு செல் இரண்டு செல்லாகும். ஈயின் கரு இரண்டாவது வேலையைத் தள்ளிப் போடுகிறது. உட்கரு மட்டும் பிரிகிறது. எட்டு, ஒன்பது நிமிடங்களுக்கு ஒரு முறை இரண்டு நான்காக, நான்கு எட்டாக, எட்டு பதினாறாக. இடையே ஒரு தடுப்பும் எழும்புவதில்லை. அதாவது, முட்டை முழுவதும் ஒரே செல்; அதற்குள் நூற்றுக்கணக்கான உட்கருக்கள். கல்லூரியில் முதல் தடவை இதைக் கேட்கும் மாணவர் பலர் நம்ப மறுக்கிறார்கள். அவர்கள் படித்து வந்த செல் கொள்கைக்கு இது பொருந்தவில்லையே!

வேகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த உட்கருக்கள் தம் மரபணுக்களை அப்போது ஏறக்குறைய படிப்பதே இல்லை, டி.என்.ஏ.வை நகலெடுப்பது, பிரிவது, அவ்வளவுதான். தேவையான புரதங்களையும், புரதம் செய்வதற்கான தூது ஆர்.என்.ஏ.க்களையும் தாய் முன்கூட்டியே முட்டைக்குள் நிரப்பி அனுப்பியிருக்கிறாள். தாயின் சூலகத்தில் ஒரு செல் நான்கு முறை பிரிந்து பதினாறு சகோதரிச் செல்கள் ஆகின்றன. அவற்றுள் ஒன்றே முட்டையாகும். மீதிப் பதினைந்தும் தாங்கள் சேர்த்ததையெல்லாம் அந்த ஒன்றுக்குள் கொட்டிவிட்டு மடிகின்றன. நாம் பார்க்கப் போகும் எல்லாவற்றுக்கும் அடித்தளம் அந்தச் சீதனம்தான்.

எட்டாவது, ஒன்பதாவது சுற்றில் உட்கருக்கள் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்கின்றன. கொஞ்சம் பின்தங்கி உள்ளேயே, கருவுணவுக்கு நடுவில் நின்றுவிடும். பின்முனைக்குப் போய்ச் சேர்ந்த சில உட்கருக்களைச் சுற்றி மட்டும் உடனே சவ்வு உருவாகிறது. கருவில் உருவாகும் முதல் செல்கள் இவையே. பிற்காலத்தில் விந்தணுவாகவும் முட்டையாகவும் மாறப் போவதும் இவையே. தனக்கென்று தலையோ வயிறோ இன்னும் வராத ஓர் உயிர், பேரப்பிள்ளைகளுக்கான செல்களை முதலில் ஒதுக்கி வைத்துவிடுகிறது. அந்தப் பின்முனையில் தாய் வைத்த ஒரு சரக்குதான் இதற்குக் காரணம். 1974-இல் இல்மென்சே, மஹோவால்ட் என்ற இருவர் அந்தச் சரக்கை எடுத்து இன்னொரு முட்டையின் முன்முனையில் செலுத்தினார்கள். முன்முனையிலும் இனப்பெருக்கச் செல்கள் தோன்றின.

ஓரத்துக்கு வந்த பிறகு பிரிதலின் வேகம் குறைகிறது. பத்து நிமிடம், பன்னிரண்டு நிமிடம், இருபது நிமிடம் என்று இழுத்துக்கொண்டே போய் பதின்மூன்றாவது பிரிதலுடன் நின்றுவிடுகிறது. இப்போது முட்டையின் ஓரம் முழுக்க ஏறத்தாழ ஆறாயிரம் உட்கருக்கள். கருவுற்று இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகியிருக்கும். பார்ப்பதற்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆனால் ஒரு மணி நேரம் கழித்து இதே ஆறாயிரத்தில் எது தலை, எது மார்பு, எது வயிற்றின் மூன்றாம் கண்டம் என்று தீர்மானமாகியிருக்கும். யார் போய்ச் சொன்னார்கள்?

இந்தக் கேள்விக்கு விடை கண்டவர்கள் போன வழி விசித்திரமானது. ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகம் இருக்கிறது. 1970-களின் முடிவில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷாஸ் என்ற இரண்டு இளம் விஞ்ஞானிகள் அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆண் ஈக்களுக்குச் சர்க்கரை நீரில் ஒரு வேதிப்பொருளைக் கலந்து கொடுத்து மரபணுக்களைக் கண்டபடி பழுதாக்கினார்கள். பிறகு ஒவ்வொரு ஈயின் வம்சத்தையும் தனித்தனியாக வளர்த்து, பழுதான மரபணு தாய் வழியிலும் தந்தை வழியிலும் வந்து ஒன்றுசேரும் தலைமுறை வரை காத்திருந்தார்கள்.

மற்ற மரபியலாளர்கள் உயிரோடு இருக்கும் ஈக்களில் கண் நிறம் மாறியிருக்கிறதா, இறக்கை சுருங்கியிருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தபோது, இவர்கள் இருவரும் பொரியாமல் செத்துப்போன முட்டைகளைத் தேடினார்கள். உடலின் அடிப்படைத் திட்டத்தைப் போடும் மரபணு கெட்டால் அந்தப் புழு வெளியே வரவே முடியாது. ஆகவே விடை பிணங்களில்தான் இருக்கும். மிக எளிமையான தர்க்கம். இவ்வளவு எளிமையானதை அதற்கு முன் யாரும் இந்த அளவில் செய்து பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு.

புழுவின் வயிற்றுப் பக்கத் தோலில் நுண்ணிய பற்கள் பட்டை பட்டையாக அமைந்திருக்கும். மார்பில் மூன்று கண்டம், வயிற்றில் எட்டு. பட்டைகளை எண்ணினால் எந்தக் கண்டம் இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்துவிடும். இரண்டு பேர் ஒரே சமயத்தில் பார்க்கக்கூடிய இரட்டை நுண்ணோக்கியில் எதிரெதிரே அமர்ந்து, ஒரே செத்த கருவை இருவரும் பார்த்து, வாதாடி முடிவு செய்தார்கள். அறுநூறு சடுதிமாற்றங்கள் தேறின. அவை அடங்கியதோ நூற்றிருபது மரபணுக்களுக்குள். ஈயிடம் மொத்தம் பதினான்காயிரம் மரபணுக்கள் அளவில் உண்டு. வெவ்வேறு வம்சங்களில் திரும்பத் திரும்ப ஒரே மரபணுக்கள் அகப்பட்டதால், பெரும்பாலானவற்றைப் பிடித்துவிட்டோம் என்று அவர்களால் துணிந்து சொல்ல முடிந்தது.

1980 அக்டோபர் 30 தேதியிட்ட 'நேச்சர்' இதழில் பதினைந்து மரபணுக்களைப் பற்றிய அவர்களின் கட்டுரை வந்தது. பழுதுகள் மூன்று தினுசாக இருந்தன. சில மரபணுக்கள் கெட்டால் அடுத்தடுத்த பல கண்டங்கள் மொத்தமாகக் காணாமல் போயின. சில கெட்டால் ஒன்றுவிட்டு ஒன்று மறைந்து, பாதிக் கண்டங்களே மிஞ்சின. இன்னும் சில கெட்டால் கண்டங்களின் எண்ணிக்கை சரியாக இருந்தது. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு பகுதி தொலைந்து, இருக்கும் பகுதியே எதிர்த்திசையில் இன்னொரு தடவை வந்தது. முதலில் பெரிய வட்டாரம், பிறகு இரட்டைக் கண்டம், கடைசியில் தனிக் கண்டத்தின் முன்பின். கரு இந்த வரிசையில்தான் தன்னைப் பகுத்துக்கொள்கிறது என்பதைப் பிணங்களே சொல்லிவிட்டன.

(பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஈ மரபியலாளர்களுக்குப் பெயர் வைப்பதில் குறும்பு அதிகம். உடம்பெல்லாம் முள்பற்கள் மண்டிய கருவைக் கண்டு ஒரு மரபணுவுக்கு 'ஹெட்ஜ்ஹாக்' என்று முள்ளெலியின் பெயரை வைத்தார்கள். கண்டங்கள் குறைந்த கருவுக்கு ஜப்பானியப் பெயரில் 'ஃபுஷி தராசு'. இதயமே உருவாகாத கருவுக்குக் காரணமான மரபணு 'டின்மேன்'; இதயம் வேண்டும் என்று கேட்கும் கதைப் பாத்திரத்தின் பெயர் அது.)

ஆனால் 'யார் சொன்னார்கள்' என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. வட்டார மரபணுக்கள் சரியான இடத்தில் விழித்தெழ வேண்டுமானால் அவற்றுக்கு முன்பே யாரோ இடம் குறித்திருக்க வேண்டும். அது தாய்தான். பைகாய்டு என்ற மரபணு தாயிடம் கெட்டிருந்தால் தாய்க்கு ஒரு குறையும் தெரியாது; நன்றாகப் பறப்பாள், முட்டையிடுவாள். அந்த முட்டைகளில் வளரும் கருக்களுக்கோ தலையும் மார்பும் இராது. தலை இருக்க வேண்டிய முனையில் வால்முனை உறுப்புகள் வந்துவிடும்.

1986-இல் ட்யூபிங்கன் நகரில் ஃப்ரோன்ஹோஃபரும் நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட்டும் ஒரு நல்ல முட்டையின் முன்முனையிலிருந்து துளி திரவத்தை உறிஞ்சி எடுத்துத் தலையற்ற முட்டையின் முன்முனையில் செலுத்தினார்கள். தலைப்பகுதி வந்தது. அதே துளியை முட்டையின் நடுவில் செலுத்தினார்கள். தலை நடுவில் வந்தது! சோதனை என்றால் இப்படி இருக்க வேண்டும்.

இரண்டு ஆண்டுகள் கழித்து வொல்ஃப்காங் ட்ரீவர் பைகாய்டு புரதத்தையே கண்ணால் காட்டினார். தாய் அதன் தூது ஆர்.என்.ஏ.வை முட்டையின் முன்முனையில் கட்டி வைத்திருக்கிறாள். முட்டையிட்ட பின் அங்கிருந்து புரதம் உருவாகிப் பின்னோக்கிப் பரவுகிறது. முன்முனையில் செறிவு உச்சம். ஏறத்தாழ ஒவ்வொரு 0.1 மில்லிமீட்டருக்கும் அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிக்கொண்டே வருகிறது. ஒரு நீண்ட கூடத்தின் ஒரு மூலையில் ஊதுபத்தி ஏற்றியிருந்தால், கண்ணைக் கட்டிக்கொண்டு உள்ளே நிற்பவர் மணத்தின் அடர்த்தியை வைத்தே அந்த மூலைக்குத் தாம் எவ்வளவு அருகில் இருக்கிறோம் என்று சொல்லிவிடலாம். உட்கருக்கள் செய்வதும் அதுதான். இடையே தடுப்புகள் இருந்திருந்தால் புரதம் இப்படி உட்கருவுக்கு உட்கரு தாராளமாகப் பரவியிருக்க முடியாது. அவசரத்துக்காகத் தள்ளிப் போட்ட வேலை, இடம் அறியும் ஏற்பாட்டுக்கு வழி திறந்துவிட்டது.

இப்படி ஒரு செறிவுச் சரிவு இருக்கலாம் என்று முன்பே ஊகித்தவர்கள் உண்டு. ஜெர்மனியின் கிளாவுஸ் சாண்டர் தத்துப்பூச்சி முட்டைகளைக் கட்டியும் இடம் மாற்றியும் ஆராய்ந்து அந்த முடிவுக்கு வந்தார். லண்டனின் லூயிஸ் வோல்பர்ட் 1969-இல் அதற்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தார். ஆனால் அந்தப் பொருளைக் கையில் பிடித்தது ஈயில்தான்.

பைகாய்டு அதிகமுள்ள பகுதியில் ஹஞ்ச்பேக் என்ற மரபணு விழிக்கிறது. க்ரூப்பெல், ஜயன்ட், நிர்ப்ஸ் ஆகியவை தத்தம் வட்டாரத்தில் விழித்து, ஒன்றையொன்று எல்லை தாண்டவிடாமல் அடக்குகின்றன. அடுத்து 'ஈவன்-ஸ்கிப்ட்' என்ற மரபணு. அது கருவைச் சுற்றி ஏழு வரிகளாக வெளிப்படுகிறது. சாயமேற்றிய கருவில் அந்த ஏழு பட்டைகளைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இத்தனை ஒழுங்கான வரிகளுக்குப் பின்னால் ஓர் அழகான கணிதம் இருக்கும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். ஆலன் டூரிங் 1952-இல் அப்படி ஒரு கணிதத்தை எழுதியும் வைத்திருந்தார். இரண்டு வேதிப்பொருள்கள் பரவி ஒன்றோடொன்று வினைபுரிந்தாலே வரிகள் தாமாக எழும் என்று காட்டினார். ஈ அந்த வழியில் போகவில்லை. 1992-இல் மைக்கேல் லெவின் குழு இரண்டாவது வரியை மட்டும் எடுத்து ஆராய்ந்தது. மரபணுவுக்கு அருகே சுமார் ஐந்நூறு எழுத்து நீளமுள்ள ஒரு டி.என்.ஏ. துண்டு அந்த ஒரு வரிக்கென்றே இருக்கிறது. பைகாய்டும் ஹஞ்ச்பேக்கும் அங்கே அமர்ந்தால் 'விழி' என்று பொருள். முன்பக்கத்தில் ஜயன்ட், பின்பக்கத்தில் க்ரூப்பெல் அமர்ந்து 'உறங்கு' என்கின்றன. இரண்டு தடைகளுக்கும் நடுவே மிஞ்சும் ஒடுங்கிய இடம்தான் இரண்டாவது வரி. மற்ற வரிகளுக்கு வேறு துண்டுகள், வேறு விதிகள். ஐந்து துண்டுகள் சேர்ந்து ஏழு வரிகளையும் வரைகின்றன. நேர்த்தியை எதிர்பார்த்தவர்களுக்கு இது ஏமாற்றம். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. பரிணாமம் உட்கார்ந்து திட்டம் போடுவதில்லை. கிடைத்ததை வைத்து ஒட்டுப் போட்டுக்கொண்டே போகிறது என்பதற்கு இந்த ஏழு வரிகளைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ஒட்டுப் போட்ட வேலைதான், ஆனால் கச்சிதம். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு உட்கருக்களுக்கு இடையே பைகாய்டு அளவில் பத்து சதவீதம்தான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தை அவை உணர்ந்துகொள்கின்றன என்று 2007-இல் தாமஸ் கிரெகர் குழுவினர் அளந்து காட்டினார்கள். இன்னொரு குழுவினர் 2005-இல் கருவின் முன்பாதியை ஒரு வெப்பநிலையிலும் பின்பாதியை வேறொன்றிலும் வைத்தார்கள்: ஒரு பக்கம் 20 டிகிரி, மறுபக்கம் 27. சூடான பாதி வேகமாகவும் குளிர்ந்த பாதி மெதுவாகவும் வளர்ந்தன. இருந்தும் கரு சரியாகவே உருவாயிற்று. தாய்க்குக் கூடுதலாகப் பைகாய்டு பிரதிகள் கொடுத்தால் தலைக்கான பகுதி பின்னோக்கி விரிகிறது. அப்போதும் பல கருக்கள் பிழைத்துப் பொரிகின்றன. மிகையான செல்கள் பின்னால் மடிந்து கணக்குச் சரியாகிவிடுகிறது.

வயிற்றுப்பக்கம் எது, முதுகுப்பக்கம் எது என்பதற்கும் தாய் வைத்த ஏற்பாடு தனியாக உண்டு. 'டோல்' என்ற புரதம் வயிற்றுப்பக்கம் மட்டும் தூண்டப்பட, 'டார்சல்' என்ற புரதம் அங்கே உட்கருக்களுக்குள் நுழைகிறது. தாயிடம் டார்சல் இல்லையென்றால் கரு சுற்றிலும் முதுகாகவே இருக்கும். இதே டோல், வளர்ந்த ஈயைப் பூஞ்சைத் தொற்றிலிருந்து காக்கிறது என்று 1996-இல் தெரிந்தது. அதைத் தொடர்ந்த ஆராய்ச்சி மனிதரின் நோய் எதிர்ப்பாற்றலைப் புரிந்துகொள்ள வழிவகுத்தது. ஜூல்ஸ் ஹாஃப்மன் 2011-இல் நோபல் பெற்றதில் இதற்குப் பங்கு உண்டு.

மூன்றாவது மணி நேரத்தில் தடுப்புகள் கடைசியாக எழும்புகின்றன. ஆறாயிரம் உட்கருக்களுக்கும் இடையே மேலிருந்து சவ்வு இறங்கி, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஒவ்வொன்றும் தனிச் செல் ஆகிறது. அது முடிந்ததும் முடியாததுமாக வயிற்றுப்பக்கத்தில் ஒரு பள்ளம் விழுந்து, தசையாகப் போகும் செல்கள் சில நிமிடங்களில் உள்ளே போய்விடுகின்றன. பிறகு உடல் நீண்டு, வால் முதுகின் மேலாக மடங்கித் தலை வரைக்கும் வந்து, சில மணி நேரத்தில் திரும்பப் பின்வாங்குகிறது. முதுகு மூடுகிறது. இருபத்திரண்டாவது மணி நேரம் வாக்கில் புழு ஓட்டைக் கிழித்து வெளிவருகிறது. இவற்றில் ஒவ்வொன்றுக்கும் வாழ்நாளைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். நான் ஒரு பத்தியில் ஓடிவிட்டதற்கு அவர்கள் மன்னிக்கட்டும்.

ஈக்கு இருப்பது நமக்கும் இருக்கிறதா என்று கேட்பீர்கள். பைகாய்டு நமக்கு இல்லை. வண்டுகளுக்குக்கூட இல்லை, அது ஈக்கள் தம் கிளையில் பின்னாளில் உண்டாக்கிக்கொண்டது. பாலூட்டிக் கருவில் தடுப்புகள் முதல் பிரிதலிலேயே எழும்பிவிடுகின்றன. ஆக, தொடக்கம் வேறு. ஆனால் ஒவ்வொரு கண்டமும் என்னவாக வேண்டும் என்று தீர்மானிக்கும் ஹாக்ஸ் மரபணுக்கள் ஈக்கும் எலிக்கும் நமக்கும் பொது. கலிபோர்னியாவில் எட்வர்ட் லூயிஸ் அந்த மரபணுக்களைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து நான்கு இறக்கை ஈயை உருவாக்கிக் காட்டினார். 1995-இல் நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், வீஷாஸ் இருவருடன் அவரும் நோபலைப் பகிர்ந்துகொண்டார்.

ஹெட்ஜ்ஹாக்கும் பொதுதான். 1950-களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஆடுகள் நெற்றியில் ஒற்றைக் கண்ணோடு குட்டிகளை ஈன்றன. சினைக் காலத்தில் தாய் ஆடுகள் மேய்ந்த ஒரு காட்டுச் செடிதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அந்தச் செடியின் நஞ்சு குட்டியின் உடலில் ஹெட்ஜ்ஹாக் பாதையைத் தடுக்கிறது என்பது பல்லாண்டுகள் கழித்தே தெரிந்தது. மனிதரில் ஒரு வகைத் தோல் புற்றுநோயில் இதே பாதை அடங்காமல் ஓடுகிறது. அதை அடக்கும் விஸ்மோடெகிப் என்ற மருந்துக்கு 2012-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. செத்த ஈ முட்டையைப் பார்த்து என்ன ஆகப் போகிறது என்று கேட்பவர்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு. ஆனால் மருந்து கிடைத்திருக்காவிட்டாலும் அந்த ஆராய்ச்சி செய்யத் தக்கதே என்பது என் கட்சி.

இந்த அவையில் கல்லூரி ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். தவளையை அறுத்துக் காட்டும் வழக்கம் போய்விட்டது. அந்த இடத்தில் கணினித் திரையும் வரைபடமும் வந்திருக்கின்றன. பழ ஈ வளர்க்க ஒரு புட்டி, கொஞ்சம் கனிந்த பழம், ஈஸ்ட் இவை போதும். அப்போதுதான் இட்ட முட்டைகளைத் தூரிகையால் எடுத்து, வீட்டுக்கு வாங்கும் பிளீச்சைப் பாதிக்குப் பாதி நீர் கலந்து அதில் இரண்டு நிமிடம் வையுங்கள். வெளி ஓடு கரைந்துவிடும். நன்றாகக் கழுவி, ஒரு துளி எண்ணெயில் வைத்துச் சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தால் உட்கருக்கள் ஓரத்துக்கு வருவதும், பின்முனையில் முதல் செல்கள் உருண்டு திரள்வதும், தடுப்புகள் இறங்குவதும் சாயமே இல்லாமல் தெரியும். ஒரு பிற்பகல் ஆய்வக வகுப்புக்குள் முடிந்துவிடும். அடுத்த பருவத்தில் ஒரு வகுப்பையாவது இதற்கு ஒதுக்குங்கள்.